தேய்ந்த வெள்ளி ரூபாயின் மதிப்பு என்ன? பழைய நாணயங்களின் தரம் கணிக்கப்படும் முறை

பரம்பரையாக வீட்டில் இருந்துவரும் வெள்ளி ரூபாய் நாணயங்களை விற்க முற்படுவோர் பெரும்பாலும் இரண்டு வகையில் இழப்புக்கு உள்ளாகின்றனர். அரிய நாணயத்தை வெறும் வெள்ளி விலைக்கு உருக்கக் கொடுத்துவிடுவது ஒன்று. சாதாரண நாணயத்துக்கு லட்சக்கணக்கில் விலை கிடைக்கும் என்ற சமூக ஊடக விளம்பரத்தை நம்பி முன்பணம் செலுத்துவது மற்றொன்று. தேய்ந்த அல்லது பழுதுபட்ட ஒரு நாணயத்தின் மதிப்பு, அதன் உலோகம், வகை, தேய்மானம், சேதம் ஆகிய நான்கையும் தனித்தனியே ஆராய்ந்த பிறகே தெளிவாகும்.

உலோகமே அடிப்படை விலை

கிழக்கிந்தியக் கம்பெனி 1835ஆம் ஆண்டு தனது ஆட்சிப் பகுதிகளுக்குப் பொதுவான ரூபாய் நாணயத்தை அறிமுகப்படுத்தியது. அதன் எடை 11.66 கிராம், அதில் வெள்ளியின் அளவு 91.7 சதவீதம். பின்னர் பிரிட்டிஷ் அரசின் கீழ் வெளியான ரூபாய்களும் இதே அளவைப் பின்பற்றின. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940ஆம் ஆண்டு வெள்ளியின் அளவு 50 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 1947இல் வெளியான ரூபாய் முழுவதும் நிக்கலால் ஆனது.

எனவே, ஏறத்தாழ ஒரே தோற்றமும் எடையும் கொண்ட 1918ஆம் ஆண்டு ரூபாயில் 10.69 கிராம் தூய வெள்ளி இருக்க, 1944ஆம் ஆண்டு ரூபாயில் 5.83 கிராம் மட்டுமே இருக்கும். தேய்மானத்தால் எடையும் குறையும். 1918ஆம் ஆண்டு நாணயம் 11.20 கிராம் எடை காட்டினால், அதிலுள்ள தூய வெள்ளி சுமார் 10.27 கிராம் ஆகும். அன்றைய வெள்ளி விலையால் இதைப் பெருக்கிக் கிடைக்கும் தொகையே கணக்கிடத் தொடங்கும் புள்ளி. எவ்வளவு சேதமடைந்திருந்தாலும் அசல் நாணயத்தின் மதிப்பு, உருக்குக் கழிவு போக, இதற்குக் கீழே செல்வதில்லை.

வகையும் ஆண்டும்

பழமை மட்டுமே விலையைத் தீர்மானிப்பதில்லை. 1918ஆம் ஆண்டு ரூபாய் கோடிக்கணக்கில் அச்சிடப்பட்டதால், நூறு ஆண்டுகளைக் கடந்தும் எளிதில் கிடைக்கிறது. மாறாக, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் மிக அரியது. தேய்ந்த நிலையிலும் அது வெள்ளியின் விலையைவிடப் பன்மடங்கு பெறும்.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911ஆம் ஆண்டு ரூபாயும் தேடப்படுவதாகும். மன்னரின் அங்கியில் பொறிக்கப்பட்ட யானை, பன்றியைப் போல் தோன்றுவதாக எதிர்ப்பு எழுந்ததால் அந்த நாணயம் திரும்பப் பெறப்பட்டு, 1912 முதல் உருவம் திருத்தப்பட்டது. இதனால் அது ‘பன்றி ரூபாய்’ என்றே அழைக்கப்படுகிறது.

விக்டோரியா மகாராணியின் ரூபாயில் வேறொரு நுட்பம் உண்டு. 1874 வரை பல ஆண்டுகளில் அச்சிடப்பட்டவையும் 1862 என்ற ஆண்டையே தாங்கின. அவற்றைச் சேகரிப்பாளர்கள் நுண்ணிய புள்ளிகளைக் கொண்டும் வடிவ வேறுபாடுகளைக் கொண்டும் வகைப்படுத்துகின்றனர். ஆகவே தேய்ந்த நாணயத்தில் முதலில் தேட வேண்டியவை ஆண்டு, நாணயச்சாலைக் குறி, புள்ளிகள் ஆகியவையே. இவை அழிந்துபோயிருந்தால் அரிய வகை என்று நிறுவ இயலாது.

தேய்மானத்தை அளவிடுதல்

1949இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஷெல்டன், அந்நாட்டின் பழைய செப்பு நாணயங்களுக்காக 1 முதல் 70 வரையிலான அளவுகோலை வகுத்தார். இன்று உலகெங்கும் தரச்சான்று நிறுவனங்கள் அதையே தழுவிப் பயன்படுத்துகின்றன. 60 முதல் 70 வரை புழக்கத்துக்கு வராத நாணயங்கள். 40, 45 ஆகியவை ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’. 20 முதல் 35 வரை ‘வெரி ஃபைன்’. 12 முதல் 15 வரை ‘ஃபைன்’. ‘குட்’ என்ற சொல் நல்ல நிலையைக் குறிப்பதில்லை. 4 என்ற எண்ணுக்குரிய அத்தரத்தில், உருவத்தின் வெளிக்கோடும் எழுத்துகளும் மட்டுமே எஞ்சியிருக்கும்.

நாணயத்தின் மேடான பகுதிகளே முதலில் தேயும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் கிரீடத்தின் வேலைப்பாடு, புருவம், தாடி ஆகியவற்றையும், ஏழாம் எட்வர்ட் ரூபாயில் காதுக்கு மேலுள்ள முடிக்கற்றையையும் உருப்பெருக்கியால் பார்ப்பது வழக்கம். அப்பகுதி மழுங்கியிருந்தும் அச்சிட்டபோது ஏற்பட்ட பளபளப்பு அங்கே மிஞ்சியிருந்தால், அது தேய்மானம் அன்று. அச்சு அழுத்தமாக விழாததன் விளைவாகும்.

சேதம் தனிக் கணக்கு

கைமாறிக் கைமாறி ஏற்படும் சீரான தேய்மானத்தைச் சேகரிப்பாளர்கள் ஏற்கின்றனர். துளை, வளைவு, ஆழ்ந்த கீறல், விளிம்பு நசிவு, மண்ணில் புதைந்ததால் ஏற்பட்ட அரிப்பு ஆகியவை சேதமாகக் கருதப்படுகின்றன. இந்தியாவில் வெள்ளி ரூபாய்களை மாலையாகக் கோத்து அணியும் வழக்கம் இருந்ததால், கொக்கி பற்றவைத்த தடமுள்ள நாணயங்கள் ஏராளம். கொக்கியை நீக்கித் துளையை அடைத்தாலும் அத்தடம் மறைவதில்லை. இத்தகையவற்றுக்குத் தரச்சான்று நிறுவனங்கள் எண் வழங்காமல், சேதத்தைக் குறிப்பிட்டுச் சான்று அளிக்கின்றன. சாதாரண ஆண்டு நாணயம் என்றால் துளையிடப்பட்டது வெள்ளி விலைக்கே செல்லும். அரிய ஆண்டு என்றால், குறைந்த விலைக்கேனும் வாங்குவோர் இருப்பர்.

முகலாயர் காலத்து ரூபாய்களில் காணப்படும் சிறு முத்திரைக் குத்துகள் வேறு வகை. வெள்ளியின் தூய்மையைச் சோதித்த சராப்புகள், அதாவது நாணயம் மாற்றும் வணிகர்கள், இட்ட குறிகள் அவை. இவையும் விலையைக் குறைக்கக்கூடும். ஆயினும் அந்நாணயம் புழங்கியதற்கான வரலாற்றுச் சான்றாகவும் மதிக்கப்படுகின்றன.

துலக்குவதால் நேரும் இழப்பு

விற்பதற்கு முன் திருநீறு, பற்பசை, புளி ஆகியவற்றால் நாணயத்தைத் துலக்குவது பலரின் இயல்பு. வெள்ளியின் மேல் இயற்கையாகப் படியும் கருமை, காலம் தந்த அடையாளம். பல சேகரிப்பாளர்கள் அதை விரும்புகின்றனர். தேய்த்துத் துலக்கும்போது மேற்பரப்பில் நுண்கீறல்கள் விழுகின்றன. அவற்றைப் பின்னர் சரிசெய்ய வழியில்லை. நல்ல தரத்தில் இருந்த நாணயமும் இதனால் சேதமடைந்தவற்றின் பட்டியலில் சேர்ந்துவிடும்.

போலிகளும் பெருகியுள்ளன. வார்ப்பில் செய்த போலியில் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடும் மேற்பரப்பில் சிறு குழிகளும் தென்படலாம். ஆண்டு இலக்கத்தைச் செதுக்கி மாற்றியவையும் உண்டு. வெள்ளியைக் காந்தம் ஈர்க்காது. ஆனால் ஈர்க்கப்படாதவை எல்லாம் வெள்ளியும் அல்ல. எடையும் நீரில் மூழ்கவைத்துக் காணும் அடர்த்தியும் நம்பகமான சோதனைகள். 91.7 சதவீத வெள்ளி நாணயத்தின் அடர்த்தி, கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10.3 கிராம் ஆகும்.

சட்டமும் எச்சரிக்கையும்

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டத்தின்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத நாணயங்கள் தொல்பொருள்களாகும்; தனிநபர்கள் அவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது. மண்ணில் புதைந்திருந்த நாணயங்கள் கிடைத்து, அவற்றின் மதிப்பு 10 ரூபாயைக் கடந்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பழைய நாணயங்களை வாங்கித் தருவதாகக் கூறி, ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணம், தரகு, வரி கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று அவ்வங்கி 2021 ஆகஸ்ட் மாதம் எச்சரித்தது. இத்தகைய வணிகத்தில் தாங்கள் ஈடுபடுவதில்லை என்றும், யாருக்கும் அதற்கு அனுமதி அளிக்கவில்லை என்றும் அது தெளிவுபடுத்தியது. நாணயத்தைத் துலக்காமல் விளிம்பில் பிடித்து, இருபுறமும் படமெடுத்து, எடையைக் குறித்துவைத்துக்கொண்டு, ஒருவருக்கு மேற்பட்ட வல்லுநர்களிடம் காட்டிய பின்னரே விலை பேசுவது பாதுகாப்பானது.