டோனி லூக்கடெல்லோ

டோனி லூக்கடெல்லோ (1912–1989) அமெரிக்க பேஸ்பால் வீரர். பின்னாளில் இளம் வீரர்களைத் தேடிப் பிடிக்கும் ஸ்கவுட்டாகப் பெயர் பெற்றவர். டெக்சஸ் மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்க ஊரான தர்பரில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தார்.

ஆட்டக்காரராக அவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1930களில் ஒகையோவின் ஃபாஸ்டோரியா ரெட்பேர்ட்ஸ் அணிக்கு ஆடினார். அது மைனர் லீக்கின் அடிமட்டமான ‘டி’ பிரிவு. தம்பி ஜானி மேஜர் லீக் வரை போனார். டோனிக்கு அது வாய்க்கவில்லை. ஆனால் ஃபாஸ்டோரியாவிலேயே தங்கிவிட்டார்.

1940களில் சிகாகோ கப்ஸ் அணிக்காகத் தேடலைத் தொடங்கி, 1957 முதல் ஃபிலடெல்ஃபியா ஃபில்லிஸ் அணிக்கு உழைத்தார். ஒகையோ, மிச்சிகன், இந்தியானா பள்ளி மைதானங்களெல்லாம் அவர் காரோட்டிப் போன இடங்கள். மற்ற ஸ்கவுட்டுகள் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் கூடி உட்கார்ந்திருக்க, இவர் மைதானத்தைச் சுற்றி நடந்து, ஒரே பையனைப் பல கோணங்களில் பார்ப்பார். தாம் யாரைக் கவனிக்கிறோம் என்பது போட்டியாளர்களுக்குத் தெரியக்கூடாது என்ற கணக்கும் அதில் உண்டு. இன்றைய ஸ்கோரை விட, ஐந்தாறு வருடம் கழித்து அந்த உடம்பு என்ன செய்யும் என்பதே அவர் கேள்வி. ஆட்டத்தின் பெரும்பகுதி இடுப்புக்குக் கீழேதான் நடக்கிறது என்று நம்பியவர், முதலில் பார்த்தது பையன்களின் கால்களைத்தான்.

1965இல், அணிகள் வரிசைப்படி இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முறை வந்ததும் ஸ்கவுட்டின் அதிகாரம் சுருங்கியது. அதுவரை பிடித்த பையனோடு நேரே ஒப்பந்தம் போடலாம். பிறகு பரிந்துரைத்துவிட்டு, வேறொரு அணி முந்திவிடக் கூடாதே என்று காத்திருக்க வேண்டும். மைக் ஷ்மிட் அப்படி வந்தவர். பள்ளி நாளிலேயே இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சையானவரை லூக்கடெல்லோ ஆண்டுக்கணக்கில் விடாமல் கவனித்தார். 1971 டிராஃப்டில் ஜார்ஜ் பிரெட் என்ற வீரர் 29ஆவதாக வேறொரு அணிக்குப் போக, 30ஆவதாக ஷ்மிட்டை ஃபில்லிஸ் எடுத்தது. அந்த அணிக்காகவே அவர் 548 ஹோம் ரன் அடித்தார்.

கனடாவின் சாத்தம் ஊர்க்காரரான பிட்ச்சர் ஃபெர்குசன் ஜென்கின்ஸ் 1962இல் ஒப்பந்தமானதிலும் இவர் பங்கு உண்டு. ஃபில்லிஸ் நிர்வாகம் 1966இல் ஜென்கின்ஸை, லூக்கடெல்லோவின் பழைய அணியான கப்ஸுக்கே விட்டுக்கொடுத்தது. தேடிப் பிடிப்பவன் கையில் மற்றதெல்லாம் இருப்பதில்லை. மொத்தத்தில் இவர் கண்டெடுத்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மேஜர் லீக்கில் ஆடினர்.

அமெரிக்கச் சிறுவர்கள் தாமாகக் கூடி விளையாடுவது குறைந்துவிட்டதென அவர் கவலைப்பட்டார். தாழ்வான கான்கிரீட் சுவர் எழுப்பி, பந்தை எறிந்து திரும்பி வருவதைப் பிடித்துப் பழகச் சொல்லி ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். எழுத்தாளர் மார்க் வைன்கார்ட்னர் அவருடன் பயணம் செய்து எழுதிய நூல் 1990இல் வெளியானது. அதைப் பார்க்க லூக்கடெல்லோ இல்லை. 1989 மே 8 அன்று, 76 வயதில், ஃபாஸ்டோரியாவின் மைதானம் ஒன்றில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். மூன்று வாரத்தில் ஷ்மிட் ஓய்வை அறிவித்தார்.

அவருடைய கடைசிக் கண்டெடுப்புகளில் ஒருவரான மிக்கி மொராண்டினி, 1990இல் ஃபில்லிஸ் அணியில் அறிமுகமானார். 1992 செப்டம்பரில் பிட்ஸ்பர்க் அணிக்கு எதிரான ஆட்டத்தில், வேறெவர் கையும் படாமல் ஒரே பந்தில் மூவரைத் தனியாளாக அவுட் செய்தார்.