குழாய் இல்லாத ‘மினி ஏ.சி.’யை நம்பாதீங்க! கத்திரி வெயிலுக்கு எந்த ஃபேன், எந்த கூலர்? கரண்ட் பில் கணக்கு இதோ

திருச்சி:

ஆடி மாதம் வெள்ளம் சீறிப்பாயும் முக்கொம்பு மேலணையில் கத்திரி வெயில் நேரத்தில் பார்த்தால் பெரும்பகுதி மணல்தான். மேட்டூர் அணை வழக்கமாக திறக்கப்படும் ஜூன் 12-ந்தேதிக்கு பிறகு தண்ணீர் வந்து சேரும் வரை ஆற்றுக்காற்றும் அனல் காற்றாகவே வீசும்.

ஆண்டுதோறும் மே 4-ந்தேதி வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திர காலத்தில் திருச்சியில் வெயில் 100 டிகிரியை தாண்டுவது வழக்கம். ஜீயபுரம், எலமனூர், வாத்தலை முதல் ஸ்ரீரங்கம் வரை ஓட்டு வீட்டிலும் ஷீட் வீட்டிலும் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். இருக்கிற காசில் எதை வாங்கலாம் என்று கடை கடையாக ஏறி இறங்குபவர்கள் கையோடு கொண்டு போக வேண்டியது ஒன்று உண்டு. அது வீட்டு மின் கணக்கீட்டு அட்டை. எத்தனை யூனிட் ஓடுகிறது என்று தெரியாமல் வாங்கினால் பிறகு பில்லை பார்த்து தலையில் கை வைக்க வேண்டியதுதான்.

பழைய ஃபேனை தூக்கிப் போடாதீங்க

சீலிங் ஃபேன் மெதுவாக சுற்றினால் உடனே புதுசு வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலும் கன்டென்சர் பலவீனமாகி இருக்கும். எலக்ட்ரீசியனை வைத்து அதை மாற்றினாலே பழைய வேகம் வந்துவிடும். அந்த பொருளின் விலை நூறு ரூபாய்க்குள்தான். இறக்கையில் படிந்த தூசியையும் துடைத்து விட வேண்டும்.

2011-ம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த இலவச டேபிள் ஃபேன் பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. அதை இறக்கி சரி செய்து, பொழுது சாய்ந்ததும் ஜன்னல் ஓரம் வைத்து வெளிக்காற்றை உள்ளே இழுக்க விடலாம். மொட்டை மாடி பகலில் வாங்கிய சூட்டை இரவில்தான் கீழே இறக்கும். அந்த சூட்டுக்காற்றையே சுற்றி சுற்றி அடிக்கும் சீலிங் ஃபேனுக்கு இது கைகொடுக்கும்.

பி.எல்.டி.சி. ஃபேன் யாருக்கு லாபம்?

சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் மின்சாரம் எடுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட்தான். தினமும் 16 மணி நேரம் ஓடினால் 2 மாதத்தில் சாதாரண ஃபேனுக்கு 72 யூனிட். பி.எல்.டி.சி.க்கு 29 யூனிட். ஒரு ஃபேனுக்கு 43 யூனிட் மிச்சம்.

ஆனால் இது எல்லாருக்கும் லாபம் இல்லை. 2016-ம் ஆண்டு முதல் வீடுகளுக்கு 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக தரப்பட்டது. மொத்தமே இலவச அளவுக்குள் ஓடும் வீட்டில் கூடுதல் விலை கொடுத்து பி.எல்.டி.சி. வாங்கினால் பில்லில் ஒரு பைசா கூட மிச்சமாகாது. பில் கட்டும் வீட்டுக்குத்தான் அது பலன் தரும்.

இதில் பழுது வந்தால் உள்ளே இருக்கும் போர்டைத்தான் மாற்ற வேண்டும். சாதாரண ஃபேன் போல தெருமுனை கடையில் காயில் கட்டி ஓட்ட முடியாது. எனவே போர்டுக்கும் சேர்த்து எத்தனை வருட வாரண்டி என்று கேட்டு பில்லில் எழுதி வாங்க வேண்டும். 2023 ஜனவரி 1-ந்தேதி முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் முத்திரை கட்டாயம் ஆக்கப்பட்டது. முத்திரை இல்லாத ஃபேனை தொடவே வேண்டாம்.

திருச்சிக்கு கூலர் ஒத்துவரும்

கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஏர் கூலர் அவ்வளவாக எடுபடாது. திருச்சி உள்நாட்டு ஊர். ஏப்ரல், மே மதியத்தில் காற்று காய்ந்து கிடக்கும். காய்ந்த காற்று ஈர பேடு வழியாக வரும்போது நன்றாக குளிரும்.

ஆனால் கதவு, ஜன்னலை அடைத்துவிட்டு கூலரை போட்டால் அறை முழுக்க ஈரம் தேங்கி உடம்பு பிசுபிசுக்கும். கூலரை ஜன்னல் பக்கம் வைத்து, எதிர்ப்பக்க கதவை திறந்து விட வேண்டும். தொட்டி தண்ணீரை வாரம் ஒரு முறையாவது முழுவதும் கொட்டி, தேய்த்து கழுவாவிட்டால் டெங்கு கொசு குடியேறி விடும். சுவிட்சை அணைத்து பிளக்கை பிடுங்கிய பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். எர்த் இல்லாத பிளக்கில் இரும்பு கூலரை ஓட்டுவது உயிருக்கு ஆபத்து.

‘மினி ஏ.சி.’ - உஷார்!

ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு ‘கையடக்க ஏ.சி.’ என்று செல்போனில் விளம்பரம் வந்து விழுகிறது. தண்ணீரோ ஐஸ் கட்டியோ போட்டால் அறையே குளுகுளு ஆகிவிடும் என்கிறார்கள். உண்மையில் அது ஒரு குட்டி ஃபேன், கூடவே ஒரு தண்ணீர் டப்பா. முகத்துக்கு நேரே வைத்தால் கொஞ்சம் சில்லென்று இருக்கும். அறை குளிராது.

ஏ.சி. என்றால் அறையின் சூட்டை எடுத்து வெளியே தள்ள வேண்டும். அதற்கு கம்ப்ரசர் வேண்டும், சூட்டை வெளியேற்ற வழி வேண்டும். சுவருக்கு வெளியே போகும் குழாய் இல்லாத போர்ட்டபிள் பெட்டி எதுவாக இருந்தாலும் அது ஏ.சி. அல்ல.

நிஜ போர்ட்டபிள் ஏ.சி.யில் தடித்த குழாய் ஒன்று ஜன்னல் வழியாக வெளியே போகும். ஒரு டன் மெஷின் 30 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். கிட்டத்தட்ட அந்த விலைக்கே ஸ்பிலிட் ஏ.சி. கிடைக்கும். ஒற்றை குழாய் மெஷின் அறைக்காற்றையே வெளியே தள்ளுவதால், அந்த இடத்துக்கு கதவு இடுக்கு வழியாக வெளி அனல் உள்ளே வரும். கம்ப்ரசர் அறைக்குள்ளேயே இருப்பதால் சத்தமும் அதிகம். சுவரில் ஓட்டை போட ஹவுஸ் ஓனர் சம்மதிக்காத வாடகை வீட்டுக்கு மட்டும் இதை யோசிக்கலாம்.

500 யூனிட்டை தாண்டினால்...

2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த கட்டணப்படி ஒரு கணக்கு பார்க்கலாம். 2 மாதத்துக்கு 200 யூனிட் ஓடும் வீட்டுக்கு பில் 225 ரூபாய். அங்கே 150 வாட் கூலரை தினமும் 10 மணி நேரம் ஓட்டினால் 90 யூனிட் கூடும். பில் 630 ரூபாய்.

அதே வீட்டில் போர்ட்டபிள் ஏ.சி.யை இரவில் 8 மணி நேரம், மணிக்கு ஒரு யூனிட் வீதம் ஓட்டினால் 480 யூனிட் கூடும். பில் 3 ஆயிரத்து 470 ரூபாய்க்கு எகிறிவிடும்.

காரணம், 500 யூனிட்டுக்கு மேல் போனால் கீழ்ப்படி சலுகையும் போய்விடும். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2 ஆயிரத்து 30 ரூபாய். பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடுதல்!

520 யூனிட் ஓடும் வீட்டில் 2 சாதாரண ஃபேனை பி.எல்.டி.சி.க்கு மாற்றினால் 434 யூனிட்டாக இறங்கும். பில் 2 ஆயிரத்து 110-ல் இருந்து 1,329 ரூபாயாக குறையும். அதன் பிறகு கட்டணம் மாறியிருப்பதால் வாங்கும் முன் நடப்பு ரேட்டை வைத்து இதே கணக்கை போட்டு பார்த்துக்கொள்வது நல்லது.

ஏற்கனவே ஏ.சி. இருந்தால் 24 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாக ஓட விட்டால் போதும்.

ஷீட் வீட்டில் கவனம்

காற்றின் சூடு 40 டிகிரி செல்சியஸ், அதாவது 104 டிகிரி பாரன்ஹீட்டை தாண்டினால் ஃபேன் உடம்பை குளிர வைக்காது, மேலும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்துள்ளது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட அறை மதியத்தில் அந்த அளவை எளிதில் தொடும். அங்கே முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் ஃபேனை நம்பி படுக்க வைக்கக்கூடாது. நிழலான இடத்துக்கு மாற்றி, ஈரத்துணியால் உடம்பை துடைத்து விட வேண்டும். பெரியவர்களுக்கு அடிக்கடி தண்ணீரும் மோரும் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கு தாய்ப்பாலே அடிக்கடி தேவை. பேச்சு குளறினாலோ, மயங்கி விழுந்தாலோ உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும்.

ஷீட் மேல் தென்னங்கீற்று பரப்பலாம். மொட்டை மாடிக்கு வெள்ளை சுண்ணாம்பு அடிக்கலாம். சில நூறு ரூபாயில் முடியும் இந்த வேலையை முதலில் செய்துவிட்டு ஃபேன், கூலர் வாங்க கிளம்பினால் சின்ன மெஷினே போதுமானதாக இருக்கும்.

எதை வாங்கினாலும் பில், வாரண்டி கார்டு இரண்டையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.