ரெண்டு ஸ்கீ கடைப் பசங்க

பெரம்பலூர் - அரியலூர் பக்கத்துக்காரனுக்கும் பனிச்சறுக்குக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டீங்கன்னா, ஒண்ணும் கிடையாது. எங்களுக்குப் பனின்னா மார்கழிக் காலையில கூரையிலிருந்து சொட்டுறது. செடி மேல வெள்ளையா ஏதாச்சும் படிஞ்சிருந்தா அது சிமெண்ட் ஆலைத் தூசி. சறுக்குறதுன்னா பனைமட்டை மேல உட்கார்ந்து ஏரிக்கரைச் சரிவுல இறங்கி, டவுசர் கிழிஞ்சதுக்கு வீட்டுல வாங்கிக் கட்டிக்கிறது. ஆனாலும் ஆபீஸ்ல பில்டு ஓடி முடியற வரைக்கும் எதையாவது படிக்கிற கெட்ட பழக்கம் என்னை ஜான் குளோட் கில்லி என்ற பிரெஞ்சுக்காரர் கிட்ட கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து நேரா காஷ்மீர், குல்மார்க்.

கில்லி 1943-ல் பாரிஸ் பக்கத்தில் பிறந்தவர். போர் முடிந்த சமயம் அப்பா குடும்பத்தோடு ஆல்ப்ஸ் மலையில் வால் திசேர் என்ற ஊருக்குப் போய் ஸ்கீ சாமான் விற்கிற கடை போட்டார். கடைக்காரர் பையன், வாசலைத் தாண்டினால் மலை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு சறுக்கவே போய்விட்டார். (நம்ம வீட்ல இதைச் சொல்லிப் பாருங்க!)

1967-ல் ஸ்கீயிங் உலகக் கோப்பை ஆரம்பித்தபோது முதல் சாம்பியன் இவர்தான். மறு வருஷமும் இவரே. 1968 கிரெனோபிள் குளிர்கால ஒலிம்பிக்கில் டவுன்ஹில், ஜயண்ட் சலாலம், சலாலம் மூன்றிலும் தங்கம். டவுன்ஹில்லில் சக நாட்டுக்காரர் பெரியாவை ஜெயித்த வித்தியாசம் 0.08 விநாடி. கண் சிமிட்டுறதுக்கே அதைவிட அதிக நேரம் ஆகும்.

சலாலத்தில்தான் வம்பு. ஒரே மூடுபனி. ஆஸ்திரியாவின் கார்ல் ஷ்ரான்ஸ் ரெண்டாவது ஓட்டத்தில் பாதியில் நின்று, "யாரோ குறுக்கே வந்துட்டாங்க" என்றார். மறுபடி ஓட விட்டார்கள். கில்லியை முந்திவிட்டார். அப்புறம் நடுவர்கள் உட்கார்ந்து பேசி, நிற்பதற்கு முன்னாடியே ஷ்ரான்ஸ் வளைவுக்கம்பத்தைத் தவறவிட்டார் என்று சொல்லி அவரை நீக்கிவிட்டார்கள். ஆஸ்திரியாவுக்கு அந்தக் கடுப்பு லேசில் தீரவில்லை. அதே வருஷம் 24 வயசில் கில்லி ஓய்வு அறிவித்து, விளம்பரங்களில் காசு பார்க்கப் போய்விட்டார்.

நிற்க. அந்த கிரெனோபிள் போட்டியில் இந்தியாவுக்காக ஒருத்தர் சறுக்கினார்னு எத்தனை பேருக்குத் தெரியும்? ஜெரமி புஜாகோவ்ஸ்கி. போலந்து வம்சாவளி. 1964 இன்ஸ்புருக்கில் குளிர்கால ஒலிம்பிக்குப் போன முதல் இந்தியர் இவர்தான். அப்புறம் 20 வருஷம் யாரும் போகவில்லை. 1988 கால்கரியில் மூணு பேர். அதில் ஷைலஜா குமார் குளிர்கால ஒலிம்பிக்குப் போன முதல் இந்தியப் பெண். 1992 ஆல்பர்ட்வில்லில் ரெண்டு பேர். அந்தப் போட்டி அமைப்புக் குழுவின் இணைத் தலைவர் யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம கில்லியேதான்.

இப்போ ரெண்டாவது கடைப் பையன். ஆரிஃப் கான், 1990-ல் பிறந்தவர். அப்பா யாசின் கான் குல்மார்க்கில் ஸ்கீ சாமான் கடை வைத்திருந்தவர். நாலு வயசில் மகனைப் பனியில் இறக்கி விட்டார். கதை அப்படியே வால் திசேர் மாதிரியே ஆரம்பிக்குது இல்லையா? 12 வயசில் தேசிய அளவில் தங்கம். 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டில் ரெண்டு தங்கம்.

குல்மார்க் கேபிள் காரின் முதல் கட்டம் 1998-ல்தான் ஓடத் தொடங்கியது. ரெண்டாம் கட்டம் 2005-ல். கட்டினது பொமகால்ஸ்கி என்ற பிரெஞ்சு கம்பெனி. (கிரெனோபிள் பக்கத்துக் கம்பெனிங்க. இந்தப் பதிவுல எங்க சுத்தினாலும் அந்த ஊருக்கே வந்து நிக்குது!)

இங்கிருந்துதான் ரெண்டு கதையும் பிரியுது. ஸ்கீயிங்கில் தரவரிசைப் புள்ளி தலைகீழ். எங்க புராஜெக்டுல பக் கணக்கு மாதிரி, கம்மியா இருந்தாத்தான் நல்லது. ஒலிம்பிக் போக சராசரிப் புள்ளி ஒரு வரம்புக்குக் கீழே இறங்கணும். அதுக்கு அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் திரும்பத் திரும்ப ஓடணும். அந்தப் போட்டிகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவில். விமானம், பயிற்சியாளர், தங்கல், உபகரணம் எல்லாம் கைக்காசு. கில்லிக்கு வீட்டு வாசலில் கிடைத்ததை ஆரிஃப் விசா வாங்கித் தேடிப் போகணும். 2018 பியாங்சாங் ஒலிம்பிக் வாய்ப்பு பணமில்லாமலேயே நழுவியது. மக்கள்கிட்ட நன்கொடை கேட்டும் தேறவில்லை. திறமை பத்தலைன்னு யாராவது சொன்னா, முதல்ல இந்தச் செலவுக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

2021 நவம்பரில் துபாய். ஆமாங்க, பாலைவனத்துல கூரைக்குள்ள செஞ்ச பனியில சலாலத்துக்குத் தகுதி. அடுத்த மாசம் மான்டெனெக்ரோவில் ஜயண்ட் சலாலத்துக்கும். ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் ரெண்டு பிரிவுக்கு நேரடித் தகுதி பெற்ற முதல் இந்தியர். இதுக்காகக் கல்யாணத்தையும் தள்ளிப்போட்டார். 2022 பெய்ஜிங்குக்குப் போன ஒரே இந்திய வீரர். கொடி பிடித்தவரும் அவரே. கல்வான் மோதலில் இருந்த சீன ராணுவ அதிகாரியை ஜோதி ஏந்த வைத்ததால் இந்தியா தூதரக அளவில் விழாவைப் புறக்கணித்தது; தூர்தர்ஷனும் தொடக்க விழாவை ஒளிபரப்பவில்லை. தனி ஆளாகக் கொடி பிடித்து நடந்ததை ஊர்ல டிவி போட்டு யாரும் பார்க்க முடியாத நிலை.

பிப்ரவரி 13, ஜயண்ட் சலாலம். பெய்ஜிங்கில் தடம் முழுக்க இயந்திரப் பனி. அன்னைக்குப் பார்த்து நிஜப் பனி கொட்டித் தள்ளியது. தரவரிசையில் பின்னாடி இருப்பவர் கடைசியில்தான் இறங்கணும். முன்னாடி போனவர்கள் உழுதுவிட்ட தடம்தான் அவருக்கு. ஏறத்தாழ 90 பேர் கிளம்பியதில் பாதிப் பேர்தான் ரெண்டு ஓட்டத்தையும் முடித்தார்கள். ஆரிஃப் முதல் ஓட்டம் 1:22.35, ரெண்டாவது 1:24.89. மொத்தம் 2:47.24, 45-வது இடம். தங்கம் வென்ற சுவிஸ்காரர் ஓடர்மாட் 2:09.35. வித்தியாசம் 37.89 விநாடி. பெரிய இடைவெளிதான், மழுப்ப வேண்டாம். ஆனா கவிழ்ந்து போன பட்டியலில் அவர் பெயர் இல்லை. அன்னைக்கு அவருக்கு வயசு 31. கில்லி ரிட்டயர் ஆன வயசைத் தாண்டி ஏழு வருஷம்.

மூணு நாள் கழித்து சலாலம். முதல் ஓட்டத்திலேயே ஆரிஃப் தடத்தை விட்டு வெளியே போய்விட்டார். முதல் ஓட்டத்தில் ஆறாவதாக இருந்த கிளெமான் நோயெல் என்ற பிரெஞ்சுக்காரர் ரெண்டாவது ஓட்டத்தில் எல்லாரையும் தாண்டித் தங்கத்தைத் தூக்கினார். நோயெல் எந்த கிளப் பையன்னு தேடிப் பார்த்தேன். வால் திசேர். கில்லியோட அப்பா கடை வச்ச அதே ஊர்.