ரூர்க்கி தாமசன் கல்லூரி: தொடக்ககால ஒளிப்படப் பதிவுகள்

கங்கைக் கால்வாயை ஒட்டி, இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தின் ரூர்க்கி நகரில் 1847இல் தொடங்கப்பட்ட பொறியியல் கல்லூரி இது. அன்றைய வடமேற்கு மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஜேம்ஸ் தாமசன் இதற்குத் திட்டம் வகுத்தார். அவர் 1853இல் மறைந்தபின், 1854இல் கல்லூரிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இப்போது இது இந்தியத் தொழில்நுட்பக் கழகம், ரூர்க்கி. இந்தியாவின் முதல் பொறியியல் கல்லூரி என்று இதைக் குறிப்பிடுவோர் பலர். சென்னையில் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியே கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது என்பதால், அந்தப் பெருமை கிண்டிக்கே உரியது என்பது மறுதரப்பு. அளவைப் பள்ளியையும் கல்லூரியாகக் கணக்கில் கொள்வதா என்பதைப் பொறுத்தே விடை மாறும். கிண்டி கல்லூரி என்ற நிலையை எட்டியது 1859இல்தான்.

முதல் பத்தாண்டுகளை அறியப் பெரிதும் உதவுபவை வரைபடங்களும் அறிக்கைகளுமே. கல்லூரி பிறந்ததற்குக் காரணம் கால்வாய். கால்வாயின் மூளையாக இருந்த ப்ராபி காட்லிக்கு அளவையாளர்களும் மேற்பார்வையாளர்களும் தேவைப்பட்டனர். இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் கட்டுப்படியாகாது. ராபர்ட் மக்லகன் முதல் முதல்வரானார். 1854 ஏப்ரல் 8இல் கால்வாய் திறக்கப்பட்டது. ரூர்க்கிக்கு அருகே சோலானி ஆற்றைக் கடக்கும் தொட்டிப்பாலம்தான் அதன் மணிமகுடம்: 50 அடி அகலமுள்ள 15 வளைவுகள், காவலுக்கு அமர்த்தியதுபோலப் பெரிய சிங்கச் சிலைகள். 1860இல் வெளியான காட்லியின் அறிக்கையோடு வந்த பெரிய வரைபடத் தொகுதியில் இந்தப் பாலத்தை அங்குலம் அங்குலமாகப் பார்க்கலாம். இங்கே மண் சுமக்க 1851 டிசம்பரில் ஒரு நீராவி இழுபொறி ஓடியது; பம்பாய்–தாணே பயணிகள் ரயிலுக்கு ஓராண்டுக்கும் மேல் முந்தியது. அதன் பெயர் ‘தாமசன்’ என்று சிலரும் ‘ஜென்னி லிண்ட்’ என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். கொதிகலன் வெடித்து அது அழிந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் முடிவு.

ஒளிப்படம் இந்தியப் பொறியாளரின் கைக்கு வந்தது 1850களின் நடுவில். கிழக்கிந்தியக் கம்பெனி தன் படை அதிகாரிகள் பயின்ற அடிஸ்கோம் பள்ளியில் 1855 முதல் ஒளிப்படப் பயிற்சி அளித்தது. பழஞ்சின்னங்களை வரைவதற்குப் பதில் படமெடுக்கலாம் என்ற எண்ணமும் அப்போது வலுப்பெற்றது. அந்தக் காலத்து ஈரக் கொலோடியன் முறை எளிதல்ல. கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனே கழுவியாக வேண்டும். வட இந்தியக் கோடையில் ஈரம் நிற்கும் நேரமோ மிகக் குறைவு. ரூர்க்கியிலும் ஒளிப்படக்கலை கற்பிக்கப்பட்டது. கலையாக அல்ல, வரைபலகைக்கும் அளவுச் சங்கிலிக்கும் துணையாக. 1860களில் முதல்வராக இருந்த ஜே. ஜி. மெட்லி தொகுத்த ‘புரொபஷனல் பேப்பர்ஸ் ஆன் இந்தியன் இன்ஜினியரிங்’ என்ற தொடர் கல்லூரியின் சொந்த அச்சகத்தில் அச்சானது. அதன் சில தொகுதிகளில் உண்மையான ஒளிப்படப் பிரதிகளே பக்கங்களில் ஒட்டப்பட்டிருந்தன. முட்டை வெண்கருப் பூச்சுள்ள தாளில் எடுத்த பிரதிகள் நாளடைவில் மஞ்சளாகும். பாலங்களும் கட்டடங்களும் தேநீர் நிறத்தில் நம்மைப் பார்ப்பது அதனால்தான்.

இந்தக் காலத்து மாணவர்களுள் ஒருவர் பின்னர் இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞரானார். மீரட்டுக்கு அருகிலுள்ள சர்தனாவில் நகைத்தொழில் செய்த சமணக் குடும்பத்தில் 1844இல் பிறந்த லாலா தீன் தயாள், ரூர்க்கியில் படிப்பை முடித்து 1866இல் இந்தூரின் பொதுப்பணி அலுவலகத்தில் மதிப்பீட்டாளராகவும் வரைவாளராகவும் சேர்ந்தார். அவர் படமெடுக்கக் கற்றது ரூர்க்கியிலா, இந்தூரிலா? இந்தூரில் 1874 வாக்கில் தானே பழகிக்கொண்டார் என்பதே பெரும்பாலோர் கருத்து. கல்லூரியில் அந்தப் பாடம் இருந்ததைச் சுட்டி, விதை அங்கேதான் விழுந்திருக்கும் என்போரும் உண்டு. எதுவாயினும், அவருடைய கட்டடப் படங்களைக் கூர்ந்து பார்ப்பவர் வரைவாளரின் கண்ணை உணராமல் இருக்க முடியாது. தூண்கள் சாய்வதில்லை, முகப்பு சட்டகத்துக்குள் அளந்து வைத்ததுபோல் நிற்கும். 1882இல் பிரிட்டிஷ் அதிகாரி லெப்பல் கிரிஃபினுடன் மத்திய இந்தியா முழுவதும் சுற்றினார். 1886இல் கிரிஃபின் வெளியிட்ட மத்திய இந்தியச் சின்னங்கள் பற்றிய நூலில் உள்ளவை தீன் தயாள் எடுத்த படங்கள். ஐதராபாத்தின் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் அவரை அரசவை ஒளிப்படக் கலைஞராக அமர்த்தி ‘ராஜா’ பட்டமும் அளித்தார். செகந்தராபாத்திலும் பம்பாயிலும் அவருக்கு ஸ்டுடியோக்கள் இருந்தன. கோஷா முறையில் வாழ்ந்த பெண்களுக்கென ஐதராபாத்தில் தனி ஸ்டுடியோவும் நடத்தினார். அங்கே படமெடுத்ததும் ஒரு பெண்ணே. 1905இல் காலமானார். அவருடைய 2,857 கண்ணாடி நெகட்டிவ்களை 1989இல் டெல்லியின் இந்திரா காந்தி தேசியக் கலை மையம் வாங்கியது. ரூர்க்கியில் பயின்றவர்கள் விட்டுச்சென்ற ஒளிப்படச் செல்வங்களில் இதற்கு இணை தேடுவது கடினம். ஆனால் இந்தச் செல்வத்தின் பெருமை அரண்மனைகள், ஜமீன்தார்கள், வேட்டைக் காட்சிகள், கோட்டைகள் ஆகியவற்றில்தான். அவர் படித்த வகுப்பறைக்கு அதில் இடமில்லை.

கல்லூரியின் அச்சகத்துக்கும் இதே நிலைதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் மார்ஷல் தலைமையில் வெளிவந்த இந்தியத் தொல்லியல் துறை ஆண்டறிக்கைகளின் படத்தாள்களைப் புரட்டினால், சிலவற்றின் அடியில் எறும்பு வரிசைபோல ஒரு சிறு எழுத்து வரி தெரியும்: ஒளிப்பட அச்சுப் பிரிவு, தாமசன் கல்லூரி, ரூர்க்கி. படத்தைப் பார்ப்பவர்கள் அந்த வரியில் கண்ணை ஓட்டுவதில்லை. அகழ்வாய்வுக் குழிகளையும் கோயில் சிற்பங்களையும் நாடெங்கும் கொண்டு சேர்த்த இடம் ஒரு பொறியியல் கல்லூரி என்பது அந்த வரியால்தான் புலப்படுகிறது. பிறர் வரலாற்றைப் படமாக அச்சிட்ட கல்லூரி தன் வரலாற்றை அப்படிப் பேணியது என்று சொல்ல முடியாது.

பழைய குழுப் படங்களில் ஆண்டு குறிக்கப்படாவிட்டால், தேதியிடப் பல வழிகள் உண்டு. படம் ஒட்டிய அட்டையில் ஸ்டுடியோ முத்திரை இருக்கிறதா, தாள் வெண்கருப் பூச்சா அதற்குப் பிந்திய ஜெலட்டினா, பின்னணியிலுள்ள கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது, மரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பவை பார்க்கப்படும். முகங்களுக்குப் பெயர் சூட்டுவது இதைவிடக் கடினம். 1873இல் தேர்ச்சி பெற்று, பின்னர் லாகூரின் பெரும் கட்டடங்களை எழுப்பிய கங்கா ராம் போன்றோர் முதுமையில் அடையாளம் காணத்தக்கவர்கள். இருபது வயதில் தலைப்பாகையுடன் வரிசையில் நிற்பவருள் அவரைத் தேர்ந்தெடுப்பது ஊகமே. ஐரோப்பிய ஆசிரியர்களின் பெயர் வரிசையாக எழுதப்பட்டு, இந்திய மாணவர்கள் ‘வகுப்பு’ என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துபோவது அக்காலக் குழுப் படங்களில் பொதுவாகக் காணப்படும் வழக்கம்.

1949இல் கல்லூரி பல்கலைக்கழகமானது. நூறாண்டு வரலாற்றை கே. வி. மித்தல் 1986இல் நூலாக எழுதினார். 2001இல் அந்தப் பல்கலைக்கழகம் இந்தியத் தொழில்நுட்பக் கழகமானது.