மூலமும் படியும்

கொட்டகலை முதலிய மலையகத் தோட்டங்களிலிருந்து கொழும்பைக் காணச் செல்லும் மாணவர், தேசிய நூதனசாலையில் தாரா தேவியின் திருவுருவத்தைக் கண்டு வியப்பதுண்டு. ஆனால் அது மூலச்சிலையன்று, அதன் படியே. படியெடுத்தல் என்னும் இத்தொழில் 19ஆம் நூற்றாண்டிலே பெருவளர்ச்சி கண்ட இடம் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரம்.

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை பொம்பெயி, எர்க்குலேனியம் என்னும் உரோம நகரங்களைப் புதைத்தது. 1738இல் எர்க்குலேனியத்திலும் 1748இல் பொம்பெயியிலும் தொடங்கிய அகழ்வுகளில் அரிய வெண்கலச் சிலைகள் வெளிப்பட்டன. 1830இல் பொம்பெயி மாளிகையொன்றிலே நடனமாடும் வனதேவனின் சிறிய சிலை கிடைத்தது. இவை நேப்பிள்ஸ் நூதனசாலையிற் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கண்ட பயணிகள் தம் இல்லத்திலும் அவை விளங்க வேண்டுமென விரும்பினர். அவ்விருப்பத்தை நிறைவேற்றிய வார்ப்புச்சாலைகளுள் 1870இல் தோன்றிய கியுராட்சி சாலை புகழ்பெற்றது.

நம் சிற்பிகளைப் போலவே அவர்களும் மெழுகை உருக்கி வடித்து, அவ்விடத்தில் வெண்கலத்தை வார்த்தனர். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழகத்துச் சிற்பி மெழுகுருவைக் கையாலேயே சமைப்பான். வார்த்தபின் மண்கருவை உடைப்பான். ஆதலால் ஒவ்வொரு படிமமும் தனிப்பிறவி. நேப்பிள்ஸ் வார்ப்பாளரோ மூலச்சிலையின்மீது அச்செடுத்து, அவ்வச்சிலிருந்து மெழுகுருக்கள் பலவற்றைப் பெற்றனர். பொம்பெயிச் சிலைகளின் பச்சைக் களிம்பையும் எர்க்குலேனியச் சிலைகளின் கருமையையும் மருந்துகளால் உண்டாக்கினர். படிகள் கடல் கடந்தன. மூலங்கள் நேப்பிள்ஸிலேயே நின்றன. வனதேவன் கிடைத்த மாளிகையிலும் இன்று படியொன்றே நிற்கிறது; மூலமோ அண்மையிலேயே உள்ளது.

தாராவின் கதை இதற்கு நேர்மாறானது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கண்டெடுக்கப்பட்ட, ஏறக்குறைய 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, 143 சென்ரிமீற்றர் உயரமுள்ள பொன்முலாம் பூசிய அப்படிமத்தை, முன்னாள் தேசாதிபதி றொபேட் பிறவுண்றிக் அதே 1830இல் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலைக்கு அளித்தார். அங்கே படிகள் ஊர்விட்டுச் செல்ல மூலம் தங்கியது. இங்கே மூலம் நாடுவிட்டுச் செல்லப் படி தங்கியது.

படி பொய்யன்று. கலையின் வடிவைக் கற்பிக்க அது பெரிதும் உதவும். ஆயினும் மூலத்தை வார்த்த கைகளின் தடமும், அது கிடந்த மண்ணின் தொடர்பும் படிக்கு இல்லை. கொழும்பிலே தாராவின் முன் நிற்கும் மாணவன் அவ்வழகை வியப்பதோடு, மூலம் எங்கே, ஏன் அங்கே என்று வினவுவானாயின், அவ்வினாவே வரலாற்றுக் கல்வியின் தொடக்கமாகும்.