முட்டுக்கட்டை முதல் ஸ்டியரிங் வரை

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் ஓடும் நாளில் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் சித்திரை வீதிகளின் நான்கு முனைகள்தான். நேர் வீதியில் தேரை இழுப்பதற்குப் பலம் போதும். முனையில் திருப்புவதற்கு அனுபவம் வேண்டும். ஏனென்றால் தேருக்கு ஸ்டியரிங் கிடையாது!

தேரின் அச்சுகள் அடிச்சட்டத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டவை. சக்கரம் உருளுமே தவிர இடமோ வலமோ திரும்பாது. பிறகு எப்படி அத்தனை டன் எடையுள்ள தேர் வீதி முனையில் திரும்புகிறது? வடத்தைச் சாய்வாக இழுப்பது ஒரு பாதி. மறு பாதி முட்டுக்கட்டை. திரும்ப வேண்டிய பக்கத்துச் சக்கரத்தின் முன்னால் கட்டையைச் சரியான நொடியில் கொடுத்தால் அந்தப் பக்கம் தயங்கும். எதிர்ப்பக்கம் முன்னேறும். தேர் கொஞ்சம் திரும்பும். இப்படியே பல தடவை. பேச்சு வழக்கில் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்றால் தடுக்கிறான் என்று பொருள். ஆனால் தேரில் வழிகாட்டுவதே அந்த முட்டுக்கட்டைதான்! திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி திருவெறும்பூர் பெல் ஆலை இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும் இந்தக் கட்டைகளின் வேலை போகவில்லை.

தேர் இல்லாத நாட்களில் இதே வீதிகளில் வாழை இலை, பூ, காய்கறி ஏற்றிய பிக்கப் வண்டிகள் ஓடுகின்றன. இவற்றின் ஸ்டியரிங் கோளாறுகளில் மெக்கானிக்குகள் அதிகம் கேட்கும் புகார், "வண்டி ஒரு பக்கமா இழுக்குது" என்பது. இதைக் கேட்டவுடனேயே ஸ்டியரிங்கைக் கழற்றத் தொடங்குவது பலர் செய்யும் தவறு. இங்கே வேலை செய்வது பெரும்பாலும் தேரின் விதிதான். ஒரு பக்கத்துச் சக்கரம் தயங்குகிறது, வண்டி அந்தப் பக்கம் திரும்புகிறது, அவ்வளவுதான். வலது முன் டயரில் காற்று குறைந்தாலும், வலது முன் பிரேக் விடாமல் பிடித்துக் கொண்டிருந்தாலும் வண்டி வலப்பக்கம் இழுக்கும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி இரண்டு முன் சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டு போனால் எது அதிகம் சூடேறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால், இழுக்காத பக்கத்து பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

தேருக்கு அடுத்து திருச்சிக்கு வந்த பெரிய சக்கரம் ரயில். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928ல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறியது. ரயிலுக்கும் ஸ்டியரிங் இல்லை. ஆனால் அதன் சக்கரத்தை உற்றுப் பார்த்தால் தண்டவாளத்தில் உருளும் பரப்பு லேசான கூம்பு வடிவில் இருக்கும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் தன் பெரிய விட்டத்திலும் உட்பக்கச் சக்கரம் சிறிய விட்டத்திலும் உருள்வதால் ரயில் தானாகவே திரும்புகிறது. கூம்பு தேய்ந்து உருமாறினால் நேர்ப்பாதையிலும் பெட்டி இப்படியும் அப்படியும் அலையும். அதனால்தான் பணிமனைகளில் சக்கரங்களை மீண்டும் கடைந்து வடிவத்துக்குக் கொண்டு வருகிறார்கள்.

பிக்கப்பின் டயரும் சில சமயம் இப்படிக் கூம்பாகிவிடும். ஓரம் மட்டும் தேய்ந்த டயர் கூம்பு போலவே ஒரு பக்கம் உருளப் பார்க்கும். இதைக் கண்டுபிடிக்கப் பணம் செலவழிக்க வேண்டாம். இரண்டு முன் டயர்களையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டினால் போதும். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான். (ஆனால் டயர் ஏன் ஓரம் தேய்ந்தது என்று பார்க்காமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே தேயும். அலைன்மெண்ட் அதற்குத்தான்.)

இதுவரை ஸ்டியரிங்கே வரவில்லை என்பதைக் கவனிக்கவும்!

நான்கு சக்கர வண்டியைத் திருப்புவது ஐரோப்பாவிலும் நெடுநாள் தலைவலியாக இருந்தது. குதிரை சாரட்டுகளில் முன் அச்சு முழுவதும் நடுவில் ஒரு ஆணியைச் சுற்றித் திரும்பும். வேகமாக ஒடித்தால் வண்டி கவிழும். ஜெர்மனியின் மியூனிக் நகரில் சாரட்டு கட்டிய லாங்கென்ஸ்பெர்கர் என்பவர், அச்சை அசைக்காமல் இரு முனைகளிலும் சக்கரங்களைத் தனித்தனியே திருப்பும் முறையைக் கண்டார். அதை 1818ல் இங்கிலாந்தில் காப்புரிமையாகப் பதிவு செய்தவர் அவருடைய முகவரான ஆக்கர்மன். அவர் லண்டனில் படங்கள் அச்சிட்டு விற்றவர். கண்டுபிடித்தவர் பெயர் மறைந்து, பதிவு செய்தவர் பெயரே இன்றும் பாடப்புத்தகங்களில் நிற்கிறது. கார்ல் பென்ஸ் 1886ல் ஓட்டிய முதல் மோட்டார் வண்டிக்கு மூன்றே சக்கரங்கள் இருந்ததற்கும் இந்தத் திருப்பும் சிக்கல்தான் காரணம். நான்கு சக்கரத்துக்கான தீர்வை அவர் 1893ல் பதிவு செய்தார்.

அன்று அச்சின் இரு முனைகளிலும் முளைத்த அந்த ஆணிதான் கிங் பின். இரண்டு சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் தண்டு டை ராட். பாகங்கள் கூடக் கூட ஆட்டம் பிடிக்கும் இடங்களும் கூடின. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? உதவியாளரை பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். கிங் பின் இல்லாத வண்டிகளில் பால் ஜாயிண்ட். இடவலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் டை ராட் எண்டு. கிங் பின்னுக்குக் கிரீஸ் போகாமல் இறுகிவிட்டால் வேறு விதமான தொல்லை. திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது.

1940களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் இந்தியாவில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. ஸ்டியரிங் பாக்ஸின் அசைவு அந்த ஜீப்பில் நேரே சக்கரத்துக்குப் போகாமல், நடுவில் உள்ள பெல் கிராங்க் என்ற பாகத்தின் வழியாகப் போனது. அதன் உட்புறம் தேய்ந்தால் குறிப்பிட்ட வேகத்தில் முன் சக்கரங்கள் வெடவெடவென்று உதறும். உதறுவது ஓட்டுநரின் கைக்குத்தான் தெரியும் என்பதால் பழி ஸ்டியரிங் பாக்ஸ் மேல் விழும்!

இந்தப் பழி இன்னும் தீரவில்லை. ஸ்டியரிங்கில் ஆட்டம் என்றதும் பாக்ஸின் மேலுள்ள ஸ்குருவை முறுக்கிவிடும் பழக்கம் இருக்கிறது. உண்மையில் தேய்ந்தது டை ராட் எண்டாக இருந்தால், ஸ்குருவை இறுக்கியதில் அது குணமாகாது. ஆட்டம் மட்டும் கொஞ்சம் குறைந்தது போல் தோன்றும். பாக்ஸ் நடுவில் இறுகி, வண்டி நேர்சாலையில் இடமும் வலமும் அலையும். தேய்ந்த மூட்டு ஒரு நாள் லோடோடு கழன்றால் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். காவிரிப் பாலத்தின் மேல் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நல்ல சோதனை எளிமையானது. வண்டியைச் சமதரையில், சக்கரங்கள் தரையில் இருக்கும்படி நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிதளவு இடமும் வலமும் அசைத்துக்கொண்டே இருக்க, மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். தண்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாத மூட்டு எதுவோ, அங்கேதான் தேய்மானம். பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சின் ஓட வேண்டும். 1951ல் கிரைஸ்லர் காரில் விற்பனைக்கு வந்த இந்த வசதி கைக்குச் சுகம்தான், ஆனால் இறுகிப்போன கிங் பின்னையும் அது ஓட்டுநருக்குத் தெரியாமல் மறைத்துவிடும்.

பிக்கப்புக்கே உரிய ஒன்று பாரம். காந்தி மார்க்கெட்டுக்கு வரும் வாழைத்தார் வண்டியில் வால் பக்கம் அளவுக்கு மீறி ஏற்றினால் முன் சக்கரங்களின் மேல் எடை குறையும். ஸ்டியரிங் இலகுவாகி வண்டி மிதப்பது போலிருக்கும். இறக்கியதும் சரியாகிவிட்டால் அது பழுது அல்ல. ஆனால் நாள்பட்ட பாரத்தால் பட்டைக்கட்டின் யூ போல்ட் தளர்ந்து அச்சே சற்று நகர்ந்திருந்தால், ஸ்டியரிங் கோணலாக இருந்தால்தான் வண்டி நேராக ஓடும்.

டை ராட் எண்டு மாற்றியவுடன் கடைசியாகப் பார்க்க வேண்டியது ஸ்பிளிட் பின். தேர்ச்சக்கரம் அச்சை விட்டுக் கழலாமல் காக்கும் கடையாணியின் தம்பி அது. சில ரூபாய் விலைதான். பழையதையே நிமிர்த்தி மாட்டுவதும், அதுவும் இல்லாமல் கட்டுக்கம்பியைச் சுற்றிவிடுவதும் பட்டறைகளில் நடக்கத்தான் செய்கிறது. வண்டியை எடுக்க வரும் ஓட்டுநர் ஒரு முறை குனிந்து பார்த்தாலே அது தெரிந்துவிடும்.