மரை சொல்லும் வரலாறு



நம் பழைய மாணவர் ஒருவர், தன் அப்பா ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைச் சரிசெய்து மீண்டும் ஓட்ட ஆசைப்படுகிறார். வண்டியோடு ஒரு சாக்கு நிறைய பாகங்களும் இருந்தன. படம் எடுத்து அனுப்பி, "சார், பிரேக், சஸ்பென்ஷன் சாமான் என்கிறார்கள். எது எதற்கென்று தெரியவில்லை" என்று கேட்டிருந்தார். வரலாற்று வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்று வீட்டில் சிரித்தார்கள். ஆனால் இது வரலாற்றுக் கேள்விதான்.

முதலில் வண்டியின் பூர்வீகம். இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான், 1961 முதல் நம் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக உருவானது. இதே முன் சஸ்பென்ஷன் குடும்பம்தான் 1962இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயரிலும் இருக்கிறது. ஆகவே இங்கே பெயர் தெரியாத பாகத்துக்கு அங்கே உறவுக்காரர் இருக்கலாம்.

அடுத்தது மரை. 1841இல் பிரிட்டனில் ஜோசப் விட்வொர்த் 55 பாகைக் கோணத்தில் மரையை முறைப்படுத்தினார். 1864இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையை முன்வைத்தார். இரண்டாம் உலகப் போரில் கூட்டாளிகளாக இருந்தும் ஒருவர் நட்டு மற்றவர் போல்ட்டில் ஏறவில்லை. அந்தப் பாடத்தால் 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 60 பாகைப் பொது மரைக்கு உடன்பட்டன. ஹெரால்டு அதற்குப் பின் பிறந்த வண்டி. ஆகவே சாக்கில் 55 பாகை மரை கொண்ட பாகம் இருந்தால், அது வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

நம் நாட்டிலோ 1956இல் மெட்ரிக் முறைக்குச் சட்டம் வந்துவிட்டது. நாடு மில்லிமீட்டருக்கு மாறிக்கொண்டிருந்தபோது, இந்த வண்டி அங்குல மரையோடு வெளிவந்தது. ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இத்தகைய பிரிட்டிஷ் வண்டிகளின் பிரேக் குழாய் நட்டு 3/8 அங்குலம், அதாவது 9.525 மி.மீ.; அங்குலத்துக்கு 24 மரை, இடைவெளி சுமார் 1.06 மி.மீ. மெட்ரிக் நட்டோ 10 மி.மீ., இடைவெளி 1 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அங்குல நட்டு மெட்ரிக் துளையில் சில சுற்று ஏறும், இறுகியது போலவும் தோன்றும். பிரேக்கை அழுத்தும்போது மரை வழுக்கிவிடும். அதனால் வெர்னியரும் மரை கேஜும் வைத்து அளந்த பிறகே எதையும் நம்ப வேண்டும்.

வீல் சிலிண்டரின் உள்விட்டமும் அப்படித்தான். 5/8 அங்குலத்துக்கும் 3/4 அங்குலத்துக்கும் வித்தியாசம் சுமார் 3 மி.மீ.தான். ஆனால் விசை பரப்பளவைப் பொறுத்தது. பெரியது 44 சதவீதம் கூடுதலாகத் தள்ளும். பின் சக்கரத்தில் தவறிப் பெரியதை மாட்டினால், முன் சக்கரத்துக்கு முன்பே அது பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடலாம்.

படத்தில் வெண்கல நிறத்தில் மரை வைத்த ஒரு துண்டு இருந்தது. அது ட்ரனியன். முன் சக்கரத்தைத் தாங்கும் தண்டு அதற்குள்தான் திரும்புகிறது. ஒரு பக்கத்துக்கு வலச்சுழி மரை, மறுபக்கத்துக்கு இடச்சுழி மரை. மாற்றி மாட்ட முடியாது. இதற்குத் தயாரிப்பாளர் சொன்னது கியர் எண்ணெய். கிரீஸ் அடித்துவிட்டுப் போனால் தண்டு தேய்ந்து, துருப்பிடித்து, ஒரு நாள் முறிந்து சக்கரம் மடங்கும்.

இரும்பில் வார்த்த எண்ணை அப்படியே பாக எண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நேரங்களில் அது வார்ப்படத்தின் எண். பட்டியலில் உள்ள எண் வேறாக இருக்கும். வண்டியின் மாடலையும் சரிபாருங்கள். 1970களின் தொடக்கத்தில் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் பின்பக்க ஆக்சில் அமைப்பே மாறிவிட்டது. பெயர்ப் பலகை ஒன்றானாலும் பாகம் ஒன்றாகாது.

அவருக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: அடையாளம் உறுதியாகாத பிரேக் பாகம் அலமாரியில் இருக்கட்டும், சக்கரத்துக்குப் போக வேண்டாம்.

உங்கள் வீட்டிலும் பழைய வண்டி இருந்தால், கழற்றும்போதே எந்தச் சக்கரம், எந்தப் பக்கம் என்று சீட்டு எழுதிக் கட்டிவையுங்கள். ஹெரால்டில் கைபட்ட பழைய மெக்கானிக்குகள் யாரையாவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். அவர்கள் மனதில் இருப்பது எந்தப் பட்டியலிலும் இல்லை.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்